0.1-ஐ 0.1 என்றே அச்சிட்ட கதை

2008-இல் பைத்தான் என்னும் நிரல்மொழியைத் திறந்து 0.1 என்று தட்டி என்டரை அழுத்தினால் 0.10000000000000001 என்று பதில் வரும். கூட்டல் இல்லை, பெருக்கல் இல்லை. ஓர் எண்ணைக் கொடுத்து அதையே திருப்பிக் கேட்டோம், அவ்வளவுதான். தாங்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று குழம்பிய மாணவர்களை எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டு ஜூனில் பைத்தான் 3.1 வந்தது. அதே 0.1-ஐக் கொடுத்தால் 0.1 என்றே வந்தது. இத்தனைக்கும் உள்ளே சேமித்திருந்த எண்ணில் ஒரு பிட் கூட மாறவில்லை.

மாறியது அச்சிடும் முறை. அது பக்குவப்படவே பல பத்தாண்டுகள் ஆயின.

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீளும் அல்லவா? பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதினாலும் அதே கதிதான். எண்களைச் சேமிப்பதற்கென 1985-இல் வந்த ஐஈஈஈ 754 தரத்தின்படி, கணினி அதை 53 பிட்டுக்குள் அடங்கும் மிக அருகிலான எண்ணாக்கி வைத்துக்கொள்கிறது. அப்படி உள்ளே உட்கார்ந்திருக்கும் எண்ணை முழுதாக எழுதினால் இப்படி இருக்கும்:

0.1000000000000000055511151231257827021181583404541015625

இதில் எத்தனை இலக்கத்தை வெளியே காட்டுவது?

முதல் தலைமுறைக்கு இது இடம் பற்றிய கேள்வியாகத்தான் இருந்தது. 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு உருவாக்கிய ஃபோர்ட்ரானில் F10.3 என்று எழுதினால் பத்துக் கட்டம் அகலம், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். பட்டியலில் புள்ளிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்கும். சி மொழியின் %.2f அந்த வழியில் வந்ததுதான். பார்க்க அழகு, ஆனால் விலை உண்டு. 2.675-ஐ இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கச் சொன்னால் 2.68 வரவேண்டும் என்று நினைப்போம், வருவது 2.67. உள்ளே இருப்பது 2.675-ஐவிட இம்மியளவு குறைவான எண். அது மட்டுமல்ல, இப்படிச் சுருக்கி எழுதிய எண்ணைத் திரும்பப் படித்தால் பழைய எண் கிடைக்காது.

எண் தொலையக்கூடாது என்றால் 17 இலக்கம் எழுதினால் போதும். 53 பிட் எண் எதுவாக இருந்தாலும் அது பிழையில்லாமல் திரும்பி வரும். பழைய பைத்தான் செய்தது அதைத்தான். உண்மைக்குப் பங்கமில்லை, கண்ணுக்குத்தான் உறுத்தல்.

இந்த இழுபறியைத் தீர்த்தவர்கள் கை ஸ்டீலும் ஜான் எல் வைட்டும். லிஸ்ப் மொழி உலகத்தைச் சேர்ந்த இருவரும் 1990-இல் நியூயார்க் மாநிலத்து வொயிட் பிளெய்ன்ஸில் நடந்த மாநாட்டில் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். எத்தனை இலக்கம் வேண்டும் என்று மனிதனைக் கேட்காதே, எண்ணையே கேள் என்பதுதான் அவர்கள் கண்ட வழி.

0.1-ஐயே எடுத்துக்கொள்வோம். கணினியால் சேமிக்க முடிந்த எண்கள் தெருவில் வீடுகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. 0.1-க்கு மேலே உள்ள அடுத்த வீடு சுமார் 0.0000000000000000139 தூரத்தில் இருக்கிறது. கீழே உள்ளதும் அதே தூரம்தான். 0.1 என்று எழுதினால் அது நம் வீட்டிலிருந்து 0.00000000000000000555 தள்ளி விழுகிறது. பாதித் தூரத்துக்குள் அடங்கிவிடுவதால் வேறு எந்த வீடும் அதற்கு உரிமை கோர முடியாது. ஆக, ஒற்றை இலக்கத்திலேயே முகவரி முடிந்துவிட்டது. இலக்கங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போய், முகவரி உறுதியான இடத்தில் நிறுத்திவிடலாம். படிக்கும் நிரலும் ஒழுங்காகப் படித்தாக வேண்டும். அதற்கான வழியை வில்லியம் கிளிங்கர் அதே மாநாட்டில் சொன்னார்.

டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலை எழுதிய டொனால்டு க்னூத்தும் இதே கேள்வியைச் சந்தித்தவர். டெக்கின் நீளங்கள், அச்சுத் துறையில் புள்ளி எனப்படும் அலகை 65536 பங்காக்கி அளந்தவை. அவற்றைச் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் அச்சிடும் துணுக்கு சில வரிகள்தான். அது சரி என்று நிரூபிப்பதோ அவ்வளவு எளிதாக இல்லை. அதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்.

ஸ்டீல், வைட் முறையில் பெரிய பெரிய முழு எண்களைப் பெருக்கி வகுக்க வேண்டும், நேரம் பிடிக்கும். அதே 1990-இல் பெல் ஆய்வகத்தின் டேவிட் கே அதை வேகமாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி நிரலாகவே கொடுத்தார். பைத்தான் 3.1 எடுத்துக்கொண்டது அந்த நிரலைத்தான். ஸ்டீலும் வைட்டும் தங்கள் முறைக்கு டிராகன்4 என்று பெயர் வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த மரபை விடவில்லை: ஃப்ளோரியன் லாய்ட்ஷ் 2010-இல் தந்தது க்ரிசு, ஒரு கார்ட்டூன் குட்டி டிராகனின் பெயர், உல்ஃப் ஆடம்ஸ் 2018-இல் தந்தது ரியூ, ஜப்பானிய மொழியில் டிராகன். வேகம் ஒவ்வொரு முறையும் கூடியது, விடை மாறவில்லை.

இன்றைக்கும் பைத்தானில் 0.1 + 0.2 என்று கேட்டால் 0.30000000000000004 என்றுதான் வரும். பலர் இதைக் குறை சொல்கிறார்கள். நான் இதை மதிக்கிறேன். கூட்டி வந்த எண்ணும் 0.3 என்று நேரடியாகத் தட்டிய எண்ணும் பக்கத்து வீடுகள்; ஒரே வீடு அல்ல. இரண்டையும் 0.3 என்றே காட்டியிருந்தால், அவை சமமா என்று கேட்டதும் இல்லை என்று பதில் வரும், ஏன் என்று யாருக்கும் புரியாது. காரணத்தைச் சொல்வது கடைசியில் நிற்கும் அந்த 4.