பரண்மேல் ஒரு பூட்டிய பெட்டி

அண்ணன் மகள் நடக்க ஆரம்பித்த மாதம்தான், எங்கள் வீட்டில் நடக்க இடமே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிய வந்தது. ஹாலில் இரண்டு சோபா, ஓடாத தையல் மெஷின், கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச கலர் டிவி. மாடிப்படிக்குக் கீழே அம்மா ஆட்சியில் வந்த மிக்சியின் அட்டைப்பெட்டி, அதற்குள் மிக்சி இல்லை, பழைய கரண்ட் பில்கள். நான் சாஃப்ட்வேர் ஆள். இப்படி ஒரு பிரச்சினை வந்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றும், ஸ்ப்ரெட்ஷீட். பொருள், இருக்கும் இடம், யாருடையது, கடைசியாக எப்போது தொட்டது என்று நான்கு பத்திகள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 143 வரிசைகள் வந்தன. மூன்றாவது பத்தியில்தான் சிக்கல். பாதிக்கு மேல் 'எல்லாருதும்' என்று எழுத வேண்டியிருந்தது. எல்லாருடையது என்றால் தூக்கிப்போட யாருக்கும் உரிமை இல்லை என்று அர்த்தம்.

பரண்மேல் இருந்த பச்சை ட்ரங்க் பெட்டிக்கு மட்டும் பெயர் இருந்தது. அத்தையுடையது, பூட்டியது. கடைசியாகத் தொட்டது: டிசம்பர் 1991.

"அதை மட்டும் விட்ருடா," என்றார் அப்பா.

எங்கள் வீடு ஓசூரின் பெரும்பாலான வீடுகளைப் போல ஒரு தொழிற்சாலை வேலையின் மேல் எழுந்த வீடு. 1971இல் சிப்காட் உருவானது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை போட்டார்கள். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், பின்னாலேயே டைட்டனும் வந்தன. ராகியும் ரோஜாவும் விளைந்த ஊருக்குத் தருமபுரி, சேலம், மதுரை, திருநெல்வேலி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஐடிஐ படித்த பையன்கள் வந்து இறங்கினார்கள். அப்பா அரூர்ப் பக்கம். 1983இல் வந்தார், 1990இல் வீடு கட்டினார். ஊர் வீட்டில் பரண் என்பது அடுப்புக்கு மேலே மூங்கிலும் பலகையும் போட்டது. புகை ஏறி ஏறி, விதைக்கு வைத்த சுரைக்காயும் சோளமும் பூச்சி பிடிக்காமல் கிடக்கும். புது வீட்டில் அது லிண்டல் மட்டத்தில் இரண்டடி அகலத்துக்குக் கான்கிரீட்டில் இழுத்துவிட்ட பலகை. புகை கிடையாது, பூச்சி உண்டு. ஆனால் பெயர் மாறவில்லை. எங்கள் வீட்டில் இன்றுவரை அது லாஃப்ட் இல்லை, பரண்தான்.

இந்தப் பகுதியில் பொருளை ஒளித்து வைப்பதற்குப் பரணைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அது மேலே இல்லை, மண்ணுக்குக் கீழே. ராகி வருஷக்கணக்கில் கெடாது. மைசூர்ச் சீமையிலும் அதையொட்டிய இந்தப் பக்கத்திலும் நிலத்தில் குழி வெட்டி, ராகியைக் கொட்டி, வாயைக் கல்லால் அடைத்து மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள். கன்னடத்தில் அதற்கு ஹகேவு என்று பேர். பஞ்சத்துக்கு என்றுதான் சொல்வார்கள். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊர் பார்த்ததை யோசித்தால், பஞ்சத்துக்கு மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஹைதர் படை, கும்பினிப் படை, திரும்ப ஹைதர் படை. 1791இல் கார்ன்வாலிஸின் படை ஓசூர்க் கோட்டையைப் பிடித்தது. 1792 உடன்படிக்கையில் பாராமகால் கும்பினிக்குப் போனது, ஓசூர் போகவில்லை. அதற்குத் திப்பு சாகும்வரை, 1799 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தப் படை வந்தாலும் முதலில் தேடுவது தானியத்தை. வெளியே தெரிகிற குதிர் நமக்கில்லை, மண்ணுக்குள் இருப்பதுதான் நமக்கு.

1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தோடு நின்றது. இங்கே ஒரே தெருவில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் கேட்கும். பால்காரரோடு ஒரு மொழி, கடைக்காரரோடு இன்னொன்று. வரைபடத்தில் கோடு போட்டவர்களுக்கு இது தெரியும், வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடு எங்கள் வீட்டுக்குள் வந்தது 1991 டிசம்பரில். 1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. மறு வருஷம் ஜூன் 25ஆம் தேதி, தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 205 டிஎம்சி என்று அது இடைக்கால உத்தரவு போட்டது. கர்நாடகத்தில் பங்காரப்பா அரசு அதற்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அது செல்லாது என்று நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானது. 12ஆம் தேதி பெங்களூர் எரிய ஆரம்பித்தது. தமிழர்கள் இருந்த பகுதிகளில் கடைகள், வீடுகள், குடிசைகள். பல்லாயிரம் பேர் கிடைத்த வண்டியில் ஏறி எல்லை தாண்டினார்கள். தாண்டியதும் முதல் ஊர் ஓசூர்.

அத்தை அப்போது ஸ்ரீராமபுரத்தில் இருந்தார். மாமாவுக்கு மில் வேலை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா அவர்கள் வீட்டுக் கதவில் கன்னடத்தில் ஏதோ எழுதி ஒட்டிவிட்டு, இரண்டு நாள் தன் சமையலறையில் படுக்க வைத்திருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு காய்கறி லாரியில் ஏற்றிவிட்டதும் அவர்தான். லாரியில் ஒரு பெட்டிக்குத்தான் இடம். மீதிச் சாமான் அந்தம்மா வீட்டுப் பரணில் ஏறியது. எனக்கு அப்போது நான்கு வயது. புது வீட்டின் ஹாலில் பாய் விரித்து நிறையப் பேர் படுத்திருந்தது மட்டும் ஞாபகம். எங்கள் வீட்டுப் பரணில் ஏறிய முதல் பொருள் அந்தப் பெட்டிதான் என்று அம்மா சொல்வார்.

ஒரு மாதத்தில் அத்தை திரும்பிப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பரணிலிருந்த சாமான் ஒரு ஸ்பூன் குறையாமல் வந்து சேர்ந்தது. எங்கள் பரணிலிருந்த பெட்டி மட்டும் போகவில்லை. "இருக்கட்டும் தம்பி, எதுக்கும்," என்று அப்பாவிடம் சொன்னாராம்.

மரி கோண்டோவின் தொடரை நான் 2019இல் நெட்ஃப்ளிக்ஸில் ஒரே இரவில் பார்த்தவன். பொருளைக் கையில் எடு, மகிழ்ச்சி தருகிறதா என்று கேள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. நல்ல முறைதான், என் அலமாரிக்கு வேலை செய்தது. ஆனால் மற்றவர் பொருளில் கை வைக்காதே என்று அவரே எழுதியிருக்கிறார். தவிர, 'எதுக்கும்' என்று வைத்த பொருளைக் கையில் எடுத்து என்னவென்று கேட்பது?

அந்த 'எதுக்கும்' எனக்குப் புரிந்தது 2016 செப்டம்பர் 12இல். நான் அப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தேன், தினமும் போய் வருவேன். அன்று மதியம் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். நகரத்தில் ஒரே பணிமனையில் முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்துகொண்டிருந்தன. அத்திப்பள்ளி வரை யாரோ ஒருவரின் பைக்கில் வந்து, அங்கிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தேன். முன்னும் பின்னும் ட்ராலி பேக் இழுத்துக்கொண்டு ஜனம். கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் பட்டுப்புடவையோடு நடந்தது. யாரும் என்னை எதுவும் செய்யவில்லை. ஆனாலும் போனில் யாரோடும் தமிழில் பேசாமல் நடந்தேன், அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அப்பா பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அத்தைக்குப் போன் போட்டார்.

ஆகவே 143 வரிசையில் 142ஐ முடித்தபின், நான்தான் அத்தையைக் கூப்பிட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க என்று சொல்ல வாய் வரவில்லை. "பெட்டி துருப்பிடிக்குது அத்தை, ஒரு தடவை வந்து பாத்துடுங்க," என்றேன்.

"பாப்போம் கண்ணு," என்றார். அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். எழுபத்தி நாலு வயது, சுருக்குப்பையில் சாவி. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இரண்டு கம்பளி, ஒரு குத்துவிளக்கு, இட்லித் தட்டு, எவர்சில்வர் தூக்கு, மாமாவின் மில் அடையாள அட்டை, கன்னடத்தில் அச்சடித்த ரேஷன் கார்டு, என் அத்தை மகனின் நான்காம் வகுப்பு மார்க் ஷீட். அதுவும் கன்னடம்தான், கணக்கில் 31.

அத்தை அதைப் பார்த்துச் சிரித்தார். "இவன்தான் இப்ப பேங்க்ல கணக்குப் பாக்கறான்." கம்பளியை வேலைக்கார அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னார். தூக்கும் தட்டும் எடைக்குப் போயின. விளக்கை அம்மாவிடம் கொடுத்தார். அடையாள அட்டையை முந்தானையில் துடைத்து சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார். பெட்டி காலி. அண்ணன் அதற்குள்ளாகவே பரணை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான், குழந்தையின் பழைய தொட்டில் அங்கே போகுமா என்று.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பெங்களூர் வீட்டுப் பத்திரத்தின் நகல், எல்லோருடைய ஆதார் நகல், ஒரு பேங்க் பாஸ்புக். கூடவே இரண்டு புதுப் புடவை, மடிப்புக் கலையாமல்.

"புதுப் பூட்டு ஒண்ணு இருக்குமா தம்பி?" என்று அப்பாவிடம் கேட்டார்.

தொட்டிலை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம்.