மீட் ஐயர் வீட்டு மேசை

எங்க ஆச்சி சாகும்வரை லேஸ் பின்னினாள். மடியில் உருண்டைத் தலையணை, அதில் வரிசையாகக் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம். ‘மிசியம்மா மட்டும் வரல்லன்னா நாமெல்லாம் எங்க கெடந்திருப்போம்’ என்பாள். இருபது வயதுவரை அதை நம்பினேன். பிறகு நாலு புத்தகம் படித்துவிட்டு, எல்லாம் ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்று அவளோடு சண்டை போட்டேன். இப்போது பார்த்தால் இரண்டுமே சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது.

மிஷனரிக் குடும்பங்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். கடல், காய்ச்சல், கல்லறை. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் கதையும் அப்படித்தான். 1816இல் மனைவி ஆனோடு சென்னையில் வந்திறங்குகிறார். 1817இல் ஆன் பினாங்கில் இறந்துபோகிறார். 1818 ஜனவரியில் மீட் தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்து சேர்கிறார். துணைக்கு அந்த ஆண்டே வந்த ரிச்சர்ட் நில், உடம்புக்கு ஆகாமல் மறு ஆண்டே திரும்பிவிட்டார். இதில் பொய் ஒன்றும் இல்லை. இழப்பு இழப்புதான். ஆனால் இந்தத் துயரச் சொல்லாடல் ஒரு கேள்வியை வசதியாக மறைத்துவிடுகிறது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புது நாட்டில் ‘பழகிக்கொண்டது’ என்கிறோமே, யாருடைய அறிவில், யாருடைய உழைப்பில் பழகிக்கொண்டது?

மீட் வந்தது வெற்றிடத்துக்கு அல்ல. முன்னவர் ரிங்கல்தௌபே 1816இல் போய்விட்ட பிறகு, இடைப்பட்ட காலத்தில் மிஷனைக் கலையாமல் காத்தவர் மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம். பறையர். தெற்குத் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வந்தவருக்கு இருக்க பங்களா கிடைத்தது. ராணி கௌரி பார்வதி பாய் கொடுத்த 5,000 ரூபாயில் செமினரிக்கென்று நெல்வயல்கள் வாங்கப்பட்டன. ரெசிடென்ட் மன்றோவின் முயற்சியில் மீட் நாகர்கோவில் கோர்ட்டில் நீதிபதியாகவும் ஏறக்குறைய ஓராண்டு இருந்தார். ஆக, அந்த வீடு போதகர் வீடு மட்டுமில்லை, கச்சேரி அதிகாரியின் வீடும்தான். நம் ஆட்கள் அவரை ‘மீட் ஐயர்’ என்றார்கள். (பாதிரிகளை ஐயர் என்று கூப்பிடுவது அன்றைய வழக்கம். அந்தப் பட்டத்தை வேண்டாம் என்று சொன்ன பாதிரி யாரையும் நான் படித்ததில்லை.) புது நாட்டில் பழகுவது என்றால் வெயிலுக்குப் பழகுவதும் மிளகுத்தண்ணிக்குப் பழகுவதும் மட்டும் இல்லை, எந்தப் படியில் ஏறி நிற்பது என்பதைக் கற்றுக்கொள்வதும்தான்.

‘புது நாடு’ என்பதையும் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். யாருக்குப் புதிது? மீட் இரண்டாவதாக மணந்த ஜோஹன்னா, தஞ்சாவூர் மிஷனைச் சேர்ந்த ஹோர்ஸ்டின் மகள். இந்த மண்ணும் பாஷையும் அவருக்குப் புதிதில்லை. 1819 கடைசியில் வந்த மால்ட் தம்பதியின் மகள் எலைசா, நாகர்கோவிலில் தமிழ் கேட்டே வளர்ந்தவர். 1844இல் அவரை மணந்தவர்தான் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் எழுதிய அறிஞரின் வீட்டில், தெருத்தமிழைச் சரளமாகப் பேசியது மனைவி. நாம் நூலாசிரியருக்குச் சிலை வைக்கிறோம். அடுக்களைத் தமிழுக்கு யார் சிலை வைப்பது?

இந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தி, எழுத்தோடு லேஸையும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் அடிமைகளாகப் பிறந்தவர்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே லேஸ் பின்னிக் கிடைத்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் ஆச்சி சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. அதே சமயம் அந்த லேஸ் எந்தச் சட்டைக் கழுத்தில், எந்த மேசைவிரிப்பில் போய் உட்கார்ந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் விடுதலைக்கான காசு, ஐரோப்பிய நடுத்தர வீட்டு அலங்காரத்திலிருந்து வருகிறது. இதை நன்மை, தீமை என்று இரண்டு தட்டில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை. மேலாடைப் போராட்டத்தில் போட்ட குப்பாயமும் இப்படித்தான். தைத்துக் காட்டியவர்கள் மிசியம்மாக்கள். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் அடிவாங்கியவர்கள் நம் பெண்கள். 1859 பிரகடனம்வரை அது நீண்டது.

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

ஜோஹன்னா 1848இல் இறந்தார். அதற்குப் பிறகு மீட் செய்த காரியம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. 1850களின் தொடக்கத்தில், அறுபதை ஒட்டிய வயதில், அவர் லோயிஸ் பிடல்ப் என்ற பெண்ணை மணந்தார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பறையர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். சக மிஷனரிகள் எதிர்த்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த மிஷனோடு மீட்டுக்கு இருந்த உறவு முறிந்தது.

காலத்தைக் கவனியுங்கள். 1850இல்தான் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. தாழ்ந்த சாதியார் சமைத்ததைக் கூட உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டாத சுதேசக் கிறிஸ்தவனைச் சாதியை விட்டவனாக ஏற்க முடியாது என்பது அதன் சாரம். சரியான தீர்மானம், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. வெள்ளாளனைப் பார்த்து, ‘பறையனோடு உட்கார்ந்து சாப்பிடு’ என்றார்கள். தங்களில் ஒருவர் ஒரு பறையர் பெண்ணை மனைவியாக்கித் தன் மேசைக்குக் கூட்டிவந்தபோது மூச்சடைத்துவிட்டது. ராஜதானி முழுக்க ஐரோப்பியர் வீட்டுக் குசினிகளில் பறையர் கை சமைத்தது, பரிமாறியது. அது மட்டும் உறுத்தவே இல்லை. வேதமாணிக்கம் மிஷனைக் காக்கலாம், பறையர் பெண்பிள்ளை லேஸ் பின்னலாம், பட்லர் கோப்பையைக் கொண்டுவந்து வைக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரத்தான் கூடாது. நிறவெறியும் சாதியும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்ட இடம் அந்தச் சாப்பாட்டு மேசை.

உடனே மீட்டைப் புரட்சிக்காரர் ஆக்கிவிடும் ஆசை வருகிறது. வேண்டாம். அதிகாரமும் வயதும் நிறமும் கைவசம் உள்ள ஆண் ஒருவர், தன்னைவிட மிக இளைய, தன் மிஷனை அண்டியிருந்த சமூகத்துப் பெண்ணை மணக்கிறார். அதில் அவள் சம்மதத்தின் எடை என்ன என்று கேட்காமல் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. எதிர்த்தவர்கள் யாரும் அவள் பொருட்டு எதிர்த்ததாகவும் தோன்றவில்லை.

மிஷன் கைவிட்டவருக்குத் திருவிதாங்கூர் அரசு வேலை கொடுத்தது, பள்ளிகளை மேற்பார்வையிடும் வேலை. 1873இல் திருவனந்தபுரத்தில் இறந்தார்.

இதை ஆச்சியிடம் சொன்னபோது கட்டைகளை நிறுத்தாமலே கேட்டாள்: ‘பறையக் குடிப் பிள்ளையா? சாயிப்பு கூட்டிட்டுப் போனாராக்கும்?’ சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, ‘பாவம், அந்தப் பிள்ள ஆருகூட இருந்து தின்னிருப்பா’ என்றாள். எங்கள் வீட்டு வயலில் களையெடுக்க வந்த அன்னம்மைக்கு, அவளும் நாங்களும் ஒரே கோயிலில் திருவிருந்து எடுத்தவர்கள்தான், புறவாசலில் தனியாக ஒரு கும்பா கவிழ்த்து வைத்திருக்கும்.