கடம்பூர்த் தண்ணீரும் பக்கிள் ஓடையும்

கோவில்பட்டியிலிருந்து கடம்பூர், மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் ரயில் பாதையில் ஒரு காலத்தில் குடிதண்ணீரும் ஏறிப் போயிருக்கிறது. வானம் பார்த்த கரிசல் சீமை, முத்துக்கும் துறைமுகத்துக்கும் பேர்போன பட்டணத்தின் தாகத்தைத் தீர்த்தது என்றால் இன்று யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்தார். பிறகு 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயிலேயே கொண்டுவந்து சேர்த்தார். ஊர் அவருக்குச் சிலை வைத்தது, வைக்க வேண்டியதுதான். ஆனால் வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்ற கேள்விக்கு, 1866இலேயே அமைந்த அந்த நகராட்சியிடம் நெடுங்காலம் விடையில்லை. குடத்தில் அளந்து வாங்கிய தண்ணீர் சாக்கடையைப் பெருக்காது. குழாயில் வரும் தண்ணீர் அப்படியல்ல. வழங்குவதில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு.

அந்தக் கழிவுக்கு வழிவிட்டது பக்கிள் ஓடை. வெள்ளையர் காலத்து அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கிய இந்த ஓடை, மழை வெள்ளம் ஊருக்குள் நிற்காமல் கடலுக்குப் போவதற்காக வெட்டப்பட்டது. தூத்துக்குடியில் மழை ஆண்டில் சில நாட்கள்தான், சாக்கடையோ தினமும். ஆகவே வெள்ள வாய்க்கால் கழிவு வாய்க்காலாகி, திரேஸ்புரத்தில் கடலைத் தொட்டது. புதைசாக்கடை வேலை இந்த நூற்றாண்டில்தான் தொடங்கியது. இவ்வளவு தாமதத்துக்குப் பணமில்லை என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. குடிதண்ணீருக்குப் பணம் கிடைத்ததே! மலம் அள்ளுவதற்கென்று சில சாதியாரை ஒதுக்கிவைத்திருந்த சமூகத்துக்குச் சாக்கடை அவசரமாகப்படவில்லை என்பதே என் கணிப்பு. அந்த வழக்கத்தைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொன்று வேண்டியிருந்தது.

இத்தனை பெரிய கடல் இந்தக் கழிவைத் தாங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆழ்கடலானால் ஓரளவு பொருந்தும் வாதம் அது. மன்னார் வளைகுடாவின் கரையோரம் ஆழமற்றது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருப்பதால்தான் 1986இல் அது தேசியக் கடல் பூங்காவானது. கழிவின் சத்து சேர்ந்த நீரில் பாசி தழைத்துப் பவளத்தை மூடும். யாத்திரிகர் கூடும் திருச்செந்தூரில் சிக்கல் வேறு விதம். சஷ்டிக்கு லட்சக்கணக்கில் வருவோர் புழங்கும் நீரைக் கடலோர மணல் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். அது சரியாக வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரை எட்டிவிடும். மணியாச்சிக் கரிசலில் நேரெதிர். ஈரம்பட்டால் உப்பி இறுகும் களிமண் என்பதால் உறிஞ்சுகுழி எளிதில் நிரம்பி நிற்கும். அங்கே கண்முன்னே தேங்கும் கழிவு, கடற்கரையில் காணாமல் போவதால் தீர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

சுத்திகரிப்புக்குச் செலவு அதிகம், அந்த நீரை யார் வாங்குவார் என்பது அடுத்த மறுப்பு. சென்னையில் மெட்ராஸ் உர ஆலை 1990களிலிருந்தே கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தி வருகிறது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரும் ஆலைகள் தொடங்கின. தூத்துக்குடி ஆலைகளுக்கோ ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ‘20 எம்.ஜி.டி.’ திட்டத்தில், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 9 கோடி லிட்டர் அளவுக்கு, ஆற்றுத் தண்ணீரே ஒதுக்கப்பட்டது. விவசாயிகளின் எதிர்ப்பு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கடலோரக் கழிவுநீரைக் கரிசல் மேட்டுக்கு ஏற்றச் சொல்லவில்லை. அது வீண் மின்செலவு. அந்த நீரைத் தூத்துக்குடி ஆலைகள் எடுத்துக்கொண்டால், அதே அளவு தாமிரபரணியில் மிஞ்சும். சீவலப்பேரித் தண்ணீரைக் குடிக்கும் கோவில்பட்டிக்கும் அதில் பங்குண்டு. இனி எந்த ஆலைக்கு ஆற்றுநீர் ஒதுக்கினாலும், பக்கத்து நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர் எவ்வளவு, அதை ஏன் எடுக்க முடியாது என்று கோப்பில் முதலில் எழுதச் சொல்லிக் கரிசல் ஊராட்சிகள் தீர்மானம் போட வேண்டும்.