குரோனியின் ஐந்து வரிகள்: ஓர் உரை

சர்வரில் கடிகாரம் பிசகினால் அது கடிகாரக் கோளாறாக முதலில் தெரிவதில்லை. சரியாகத் தட்டிய ஓடிபி தவறு என்று வரும். இயல்பாக 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காத கெர்பரோஸ், உள்நுழைய விடாது. இரண்டு சர்வர்களின் லாகை அருகருகே வைத்தால் கேள்விக்கு முன்பே பதில் வந்திருக்கும். காரணத்தைத் தேடிப் போகிறவர் பல லினக்ஸ் சர்வர்களில் வந்து நிற்கும் இடம், நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் குரோனி என்ற மென்பொருளின் அமைப்புக் கோப்பு. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் அதைத் திறந்து, குறிப்புகளையும் துணை வரிகளையும் ஒதுக்கினால் மிஞ்சும் சாரம் ஐந்து வரி. ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் கடிகாரத்தைச் சட்டென்று திருப்பி வைக்க அனுமதிக்கிறது, அதுவும் கட்டுப்பாட்டோடு.

1. பூல் 2.ரெல்.பூல்.என்டிபி.ஆர்க் ஐபர்ஸ்ட்

நேரத்தை யாரிடம் கேட்பது என்பதை இவ்வரி சொல்கிறது. 'பூல்' என்றால் ஒரே பெயருக்குப் பின்னால் நிற்கும் பல நேர சர்வர்கள். குரோனி இயல்பாக அவற்றில் நான்கை எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் நம்பினால் அது பொய் சொல்வது தெரியாது. இரண்டு முரண்பட்டால் எது சரியென்று சொல்ல ஆளில்லை. மூன்று இருந்தால் பெரும்பான்மை கிடைக்கும். அவற்றில் ஒன்று படுத்துவிட்டாலும் பெரும்பான்மை நிலைக்கவே நான்காவது.

கேள்வி புறப்பட்டது, அங்கே சேர்ந்தது, பதில் புறப்பட்டது, இங்கே சேர்ந்தது என்ற நான்கு நேரங்களை வைத்துக் கணக்கு நடக்கிறது. டேவிட் மில்ஸ் வகுத்த இந்த என்டிபி முறை 1985-இல் ஆர்எஃப்சி 958 ஆக வெளியானது. போகவும் வரவும் ஒரே அளவு நேரம் ஆகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரு திசையில் மட்டும் தாமதம் கூடினால், கூடியதில் பாதி அப்படியே நேரப் பிழையாக ஏறிவிடும். 'ஐபர்ஸ்ட்' என்பது தொடக்கத்தில் சில கேள்விகளை அடுத்தடுத்து அனுப்பச் சொல்லும் ஏவல்.

பழுது பார்ப்பவர் 'குரோனிசி சோர்சஸ்' கட்டளையில் 'ரீச்' பத்தியைப் பார்க்க வேண்டும். எட்டடிமான எண்ணான 377, கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்ததைக் குறிக்கும். 0 என்று நின்றால் ஃபயர்வாலில் யூடிபி 123 அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்திய நிறுவனங்களுக்கு இந்த வரியில் இன்னொரு கடமையும் உண்டு. 2022 ஏப்ரல் 28-இல் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இட்ட உத்தரவு, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களையோ, அவற்றை வேராகக் கொண்ட சர்வர்களையோ பயன்படுத்தச் சொல்கிறது.

2. டிரிஃப்ட்ஃபைல் /வார்/லிப்/குரோனி/டிரிஃப்ட்

கோப்பின் உயிர் இந்த வரியில் இருக்கிறது. இது காட்டும் இடத்தில் இரண்டே எண்கள் இருக்கும்: கடிகாரம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது ஒன்று, அந்த மதிப்பீட்டில் எவ்வளவு ஐயம் என்பது மற்றொன்று. ஒரு பங்கு என்பது நாளுக்கு 0.0864 வினாடி. 50 பங்கு பிசகும் கடிகாரம் நாளுக்கு 4.32 வினாடி விலகி, ஒரு மாதத்தில் இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடும்.

தினமும் இரண்டு நிமிடம் பிந்தும் பழைய கைக்கடிகாரம், அதன் குணம் தெரிந்தவருக்குத் தொல்லை தருவதில்லை. குரோனி தேடுவதும் அந்தக் குணத்தைத்தான். குவார்ட்ஸ் படிகத்தின் வேகத்தைக் கற்று, அதற்கேற்பக் கெர்னலின் ஓட்டத்தைத் திருத்தி, கற்றதை இங்கே எழுதி வைக்கிறது. ரீபூட் ஆனாலும் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

'குரோனிசி டிராக்கிங்' காட்டும் 'ஃப்ரீக்வென்சி' எண் பெரிதாக இருப்பது குற்றமல்ல. நிலையில்லாமல் அலைவதே குற்றம். சிறு அலைவு வெப்பநிலையால் வரலாம். பெரிதாக அலைந்தால், இன்னொரு நேரச் சேவையோ விர்ச்சுவல் மெஷினின் துணைக்கருவியோ அதே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு கடிகாரத்துக்கு ஒரு எஜமான் போதும்.

3. மேக்ஸ்டெப் 1.0 3

பிழை 1 வினாடியைத் தாண்டினால் ஒரே தாவலில் சரிசெய்யலாம், ஆனால் சேவை தொடங்கியபின் வரும் முதல் 3 திருத்தங்களுக்குள் மட்டும் என்பது பொருள். அதற்குப் பிறகு ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் சரிக்கட்ட வேண்டும். லினக்ஸில் அதன் இயல்பான உச்ச வேகம், 1 வினாடிப் பிழைக்கு 12 வினாடி. ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து எழுப்பிய விர்ச்சுவல் மெஷின் 12 மணி நேரம் பிசகியே ஓடுவது இதனால்தான். அங்கே 'குரோனிசி மேக்ஸ்டெப்' என்று கையால் ஏவலாம். 3-க்குப் பதில் -1 எழுதினால் எப்போதும் தாவ அனுமதி உண்டு. தரவுத்தளம் ஓடும் சர்வரில் யோசித்துச் செய்ய வேண்டியது அது.

4. ஆர்டிசிசிங்க்

மதர்போர்டில் பேட்டரியால் ஓடும் கடிகாரத்தில் 11 நிமிடத்துக்கு ஒருமுறை கெர்னல் நேரத்தை எழுதி வைக்க இவ்வரி வழிசெய்கிறது. மின்சாரம் நின்று திரும்பியபின் நேரம் பழைய ஆண்டுக்குப் போனால் பேட்டரியைப் பாருங்கள்.

5. லீப்செக்டிஇசட் ரைட்/யூடிசி

பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகச் சேர்க்கும் லீப் வினாடி எப்போது வரும் என்பதை, நேர மண்டலத் தரவிலிருந்து படிக்கச் சொல்கிறது. 1972 முதல் 27 முறை சேர்த்தாயிற்று. கடைசியாக 2016 டிசம்பர் 31. அன்று யூடிசி நள்ளிரவில் கிளவுட்ஃப்ளேரின் டிஎன்எஸ் மென்பொருளில் ஒரு பகுதி செயலிழந்தது. கழிந்த நேரத்தைக் கணக்கிட்டபோது எதிர்ம எண் வந்தது. கடிகாரம் பின்னோக்கிப் போகாது என்று நம்பி எழுதிய நிரல் அங்கே முறிந்தது. மூன்றாம் வரியின் கஞ்சத்தனத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2035-க்குள் இவ்வழக்கத்துக்கு முடிவு காண 2022-இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு தீர்மானித்திருக்கிறது.

நேரம் தவறிய சர்வரில் 'டேட்' கட்டளையால் சரியான மணியைத் தட்டிவிட்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. அது சேர்ந்துபோன பிழையைத்தான் போக்கும். பிழை பிறக்கும் வேகத்தைத் தொடாது. கோப்பு எழுதப்பட்ட வரிசையே பழுது பார்க்கும் வரிசையும்கூட: கேட்கும் இடம் பதில் சொல்கிறதா, கற்ற எண் நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தாவலைப் பற்றி யோசிக்க வேண்டும்.