நாரியில் குத்தும் ஊசி யாருடைய கையில்?

போன வருசம் அக்காவுக்கு சிசேரியன். நாரியில ஊசி போட்டு, கீழ்ப்பக்கத்தை விறைக்கப் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தவை. போட்டவர் மயக்க மருந்து டொக்டர். அடுத்த மாசமே பக்கத்து வீட்டுச் சின்னவனுக்குக் கடும் காய்ச்சல். மூளைக்காய்ச்சலோ எண்டு பார்க்க அவனுக்கும் அதே நாரியில குத்தித் தண்ணி எடுத்தவை. குத்தினது வார்டில நிண்ட இளம் டொக்டர். அம்மம்மாவுக்கு இரண்டும் ஒண்டுதான்: "நாரியில ஊசி ஏறினா பிறகு நிமிரேலாது." முண்ணாண் நாரிக்கு மேலேயே முடிஞ்சிடும், ஊசி போறது அதுக்குக் கீழ எண்டு சொல்லியும் அவ கேக்கேல்ல. எனக்கு வேற கேள்வி. ஒரே இடத்தில் குத்த ஏன் இரண்டு வகை வைத்தியர்கள்?

இந்தக் கதை 1891இல் ஜேர்மனியின் கீல் நகரத்தில் தொடங்குகிறது. ஹைன்ரிச் குவின்கே கத்தி பிடிக்கிற ஆள் இல்லை, உள்மருத்துவப் பேராசிரியர். மூளையில் நீர் தேங்கிய குழந்தைகளின் அழுத்தத்தைக் குறைக்க, முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையால் ஊசியைச் செலுத்தி நீரை வடித்தார். அதே ஆண்டு லண்டனில் வால்டர் எசெக்ஸ் வின்டர், காசநோய் மூளைக்காய்ச்சல் வந்த நான்கு பேருக்குத் தோலை வெட்டிச் சிறு குழாய் வைத்து வடித்ததை எழுதினார். நால்வருமே இறந்துபோனார்கள். குவின்கே வெட்டவில்லை, ஊசி மட்டும்தான். அதோடு வந்த நீரின் அழுத்தத்தை அளந்தார், அதில் என்ன இருக்கிறது என்று சோதித்தார். வடிக்கப் போன ஊசி இப்படித்தான் நோயறியும் ஊசியானது.

ஏழு வருடம் கழித்து அதே கீலில் சத்திரசிகிச்சைக்காரர் ஒருவர் அந்த ஊசியை எடுத்தார். ஓகஸ்ட் பியர் குவின்கேயின் வழியாலேயே உள்ளே போனார், ஆனால் நீரை எடுக்க இல்லை, கொக்கெயினை விட. 1898 ஓகஸ்டில் தன்னிலேயே சோதிக்க உதவியாளர் ஹில்டெபிரான்ட்டிடம் முதுகைக் கொடுத்தார். சிரிஞ்சு ஊசியோட பொருந்தேல்ல! மருந்தும் கொட்டுண்டு, முள்ளந்தண்டு நீரும் ஒழுகிப்போச்சு. பிறகு ஹில்டெபிரான்ட்டின் முறை. இம்முறை சரிவந்தது. கால் விறைத்ததா என்று பார்க்க பியர் கிள்ளினார், சுருட்டால் சுட்டார், இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே அடித்தார். வலியே இல்லை. இரவு இருவரும் வைன் குடித்துக் கொண்டாடினார்கள். அதன்பிறகு பியர் கடும் தலையிடியோடு ஒன்பது நாள் படுக்கையில். ஹில்டெபிரான்ட்டுக்குக் காலெல்லாம் கண்டல். (பின்னாளில் இருவரும் கோவமாம். அந்த அடிக்குப் பிறகு எனக்கு ஆச்சரியமில்லை.)

அப்போது மயக்க மருந்துக்கென்று தனி வைத்தியத்துறை உருவாகியிருக்கவில்லை. வெட்டுபவரே ஊசியையும் போட்டார். பிறகு அந்தத் துறை வளர, அந்த ஊசியும் அவர்களிடம் போனது. அது நேராகப் போன பாதையுமில்லை. 1947இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் இருவருக்கு இந்த ஊசிக்குப் பிறகு கால்கள் செயலிழந்தன. வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகு பல வருடங்களாக பிரித்தானிய மயக்க மருந்து டொக்டர்மார் இந்த ஊசியைத் தொடவே தயங்கினார்கள். பயத்தால் ஒரு கைவேலை ஒரு தலைமுறையிடமே குறைந்துபோனது.

மனநோய் வைத்தியர்களிடமும் இது இருந்தது எண்டது எனக்குப் புதுசு. 1906இல் வாசர்மன் சோதனை வந்ததும், மூளையைத் தாக்கிய சிபிலிஸை முள்ளந்தண்டு நீரில் பிடிக்க முடிந்தது. மனநோய் விடுதிகளில் அந்த நோயாளர்கள் நிறைய. பெனிசிலின் வந்தது, நோய் குறைந்தது, ஊசியும் அங்கிருந்து போய்விட்டது.

எனக்குப் பிடித்த திருப்பம் ஸ்கானுடையது. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலை சிடி ஸ்கான் எடுத்தார்கள். அதுவரை மூளைக்குள் பார்க்க, முதுகு வழியால் காற்றை ஏற்றிப் படம் எடுக்கும் கொடுமையான முறை இருந்தது. ஸ்கான் வர அது ஒழிந்தது. ஊசிக்கு வேலை குறைத்ததே கதிரியக்க நிபுணர்கள்தான். ஆனா அமெரிக்காவில கடைசியில ஊசி அவையிட்டையே போய்ச் சேர்ந்தது! அங்கே முதியோருக்கான அரச காப்புறுதியான மெடிகெயார் கணக்குகளைப் பார்த்தால், 1991க்கும் 2011க்கும் இடையில் நரம்பியல் வைத்தியர்களின் பங்கு குறைந்து கதிரியக்க நிபுணர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே குத்தலாம், உடல் பருத்தவர்களில் கையால் எலும்பு இடைவெளியைத் தடவிக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். நேரமில்லாத வார்ட் வைத்தியர் "கீழே அனுப்பு" என்கிறார். அனுப்ப அனுப்பக் கை மறக்கிறது. கை மறக்க மறக்க இன்னும் அனுப்புகிறார்.

இங்கே அப்படி அனுப்ப எல்லா ஆஸ்பத்திரியிலும் ஆள் இல்லை. வார்டில் நிற்கும் பயிற்சி வைத்தியர்தான் பெரும்பாலும் குத்துகிறார். ஆனால் 2008இல் ஹிப் கிருமிக்கான தடுப்பூசி இலங்கையில் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். குழந்தைகளில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் முக்கிய கிருமிகளில் அது ஒன்று. நோய் வராதது சந்தோசம்தான். பழகக் கிடைக்கும் முதுகுகளும் குறையும் என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

மருத்துவபீடத்தில இறுதி வருசம் படிக்கிற என்ர பள்ளிக்கூடச் சிநேகிதியிட்ட இதைக் கேட்டன். பெரியாக்களுக்குச் செய்யிறதை நிறையப் பார்த்திருக்கிறாளாம். குழந்தைக்கு இரண்டே இரண்டு தரம், அதுவும் பின்னால நிண்டு எட்டிப் பார்த்ததாம். பட்டம் முடிஞ்ச கையோட அவளுக்கு இன்டர்ன். எந்த ஊர் ஆஸ்பத்திரி கிடைக்கும் எண்டு இன்னும் தெரியாது. முதல் குழந்தை இரவில வரக்கூடாது எண்டு இப்பவே நேர்ந்து வைச்சிருக்கிறாள்.