காப்புறுதியற்ற நோயாளியும் ஊர்ப்பணமும்: கல்முனைக் கரையோரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையின் செலவு

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை. ஆனாலும் அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களில், புற்றுநோய் வந்த வீட்டுக்காக ஜும்ஆவுக்குப் பின் பணம் சேர்ப்பது வழமையாக இருக்கிறது. சிகிச்சை இலவசம் என்றால் இந்தப் பணம் எதற்குப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது தெளிவானால்தான் ஊர்ப்பணம் எங்கே போதும், எங்கே போதாது என்று பேச முடியும்.

பெரும்பகுதி தூரத்துக்குப் போகிறது. கல்முனை நகரின் நடுவே செல்லும் ஏ4 நெடுஞ்சாலையே மறுமுனையில் மஹரகம நகரையும் ஊடறுத்துக் கொழும்பை அடைகிறது. நாட்டின் தலைமைப் புற்றுநோய் மருத்துவமனையான அபேக்ஷா மஹரகமையில்தான் இருக்கிறது. கல்முனைக்கும் அதற்கும் இடையில் 300 கிலோமீற்றருக்கு மேல். ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. எனினும் சிக்கலான நோயாளிகள் மஹரகமைக்கே அனுப்பப்படுகிறார்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்குக் கதிர்வீச்சு பொதுவாக வாரத்தில் 5 நாள் என்ற கணக்கில் 6 அல்லது 7 வாரம் நீளும். ஒவ்வொரு தடவையும் சில நிமிட வேலைதான். அதற்காக நோயாளி அத்தனை வாரமும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கியாக வேண்டும். பெண் நோயாளி என்றால் பெரும்பாலும் இருவர் கூடப் போகிறார்கள்: பணிவிடைக்கு ஒரு பெண், மருந்து வாங்கவும் வெளியலுவல் பார்க்கவும் ஓர் ஆண். அறை வாடகை, மூவர் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் செலவு, உழைப்பவர் இழக்கும் நாட்கூலி ஆகிய எதுவும் மருத்துவமனைக் கணக்கில் வராது. இவற்றோடு, வைத்தியசாலையில் இல்லாத மருந்தையும் வரிசை நீண்ட ஸ்கேனையும் தனியாரிடம் பணம் கொடுத்துப் பெறவேண்டி வருகிறது. 2022இன் டொலர் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் ஏற்பட்டபோது இந்தச் செலவு பல மடங்கு சுமையாயிற்று.

இச்செலவைத் தாங்கக் காப்புறுதி இல்லை. அரச ஊழியருக்கு மட்டும் 'அக்ரஹார' காப்புறுதித் திட்டம் உண்டு. நெல் விவசாயிக்கும் மீனவருக்கும் முறையே 1987, 1990ஆம் ஆண்டுகளில் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. அவை முதுமையை நினைத்து அமைந்தவை, நீண்ட நோயை நினைத்தல்ல. கரைவலை இழுப்பவர், மருதமுனைத் தறியில் கூலிக்கு நெய்பவர், சந்தையில் மரக்கறி விற்பவர் ஆகியோருக்கு அதுவும் பெரும்பாலும் எட்டுவதில்லை. ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. ஆனால் அது விண்ணப்பம், மருத்துவ அறிக்கை, வருமானச் சான்று என்ற வழியாக வருவது. பயணமோ நாளைக்கே தொடங்க வேண்டியது.

குடும்பத்தின் சொத்து அமைப்பும் கவனிக்கத்தக்கது. கிழக்கு முஸ்லிம்களிடையே வீடு மகளுக்குரியது. கலியாணத்தோடு அவள் பெயருக்கு எழுதப்படுகிறது, மருமகன் அங்கு வந்து வாழ்கிறான். ஆகவே ஐம்பது வயதுத் தகப்பன் நோயில் விழும்போது அவருக்கென விற்கத்தக்கதாய் இருப்பது ஒரு துண்டு வயற்காணியும் மனைவியின் நகையும்தான். நகை அடகுக்குப் போகிறது, காணி ஒத்திக்குப் போகிறது. இளைய மகளுக்கு வீடு கட்டச் சேர்த்த பணம் செலவாகிறது. நோயாளியே 'எனக்குச் செலவழிக்க வேண்டாம்' என்று சிகிச்சையை இடையில் நிறுத்துவது இங்கேதான் நிகழ்கிறது. ஒரு புற்றுநோய் இரண்டு தலைமுறையின் வாழ்வைக் குலைக்கும் விதம் இது.

இந்த வெற்றிடத்தை ஊர் நிரப்புகிறது. அதற்கான கட்டமைப்பு பழையது: தாய்வழிக் குடிகள், குடிக்கொரு மரைக்காயர், மரைக்காயர்கள் கூடிய பள்ளிவாசல் நிர்வாகம். எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பது மரைக்காயருக்குத் தெரியும். இன்று அதன்மேல் கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணமும் வட்ஸ்அப் குழுக்களும் சேர்ந்துள்ளன. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் நாட்டிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் பறித்தபோது, அரச உதவி வருமுன் சோறு சமைத்துப் பாய் விரித்தது இந்த ஊர் வலையமைப்பே. இதைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி.

எனினும் புற்றுநோய் கடல்கோள் போன்ற ஒருநாள் அழிவல்ல. முதல் வசூல் தாராளமாக வரும். மூன்றாம் மாதம் ஸ்கேனுக்கும், அடுத்த வருடம் நோய் திரும்பும்போதும் அதே வீட்டார் மறுபடி கேட்கக் கூசுகிறார்கள். இரண்டாவது குறை, முகம் பார்த்துச் சுரக்கும் இரக்கம். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தையின் படம் ஒரே இரவில் இலட்சங்களைத் திரட்டும். வெற்றிலை பாக்கினால் வாய்ப்புற்று வந்த விதவைக் கிழவிக்கு அப்படி வராது, 'தானாகத் தேடிக்கொண்டது' என்ற பேச்சே வரும். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய் சார்ந்த புற்றுநோய்கள், பெண்களிடம் மார்பகப் புற்றுநோய். ஒன்றைப் பழிச்சொல் மூடுகிறது, மற்றதை வெட்கம் மூடுகிறது. படமும் நோய் அறிக்கையும் அடையாள அட்டை இலக்கமும் ஊரெங்கும் பரவினால்தான் உதவி என்ற நிலை, மிகவும் தேவையுள்ளவரையே வாய்மூட வைக்கிறது.

இதற்குப் பதில் இஸ்லாமிய நிதி மரபுக்குள்ளேயே இருக்கிறது. கட்டாயக் கொடையான ஸகாத்தைப் பெற எட்டு வகையினரைக் குர்ஆன் குறிப்பிடுகிறது. அவர்களில் ஏழைகள், வறியவர்கள், கடனாளிகள் என்ற மூன்று வகையும் இவ்விடயத்துக்கு நேரடியாகப் பொருந்தும். இலங்கையில் பெருவழக்கான ஷாஃபிஈ மத்ஹபில் வறுமை, ஸகாத் கடமையாகும் சொத்தளவான நிஸாபால் அளக்கப்படுவதில்லை. வருமானம் நியாயமான தேவைக்குப் போதுமா என்பதே அளவு. ஆக, சொந்த வீடு உள்ளவர், காணித்துண்டு உள்ளவர் என்பதால் நோயாளி தகுதி இழப்பதில்லை. நகை அடகில் மூழ்கியவர் கடனாளி வகையிலும் வருவார். 'அவருக்கு வீடிருக்கே' என்று மனுவை ஒதுக்கும் பழக்கம் சட்டநூலுக்கு மாறானது.

வரவும் சிறிதல்ல. கல்லோயாத் திட்ட நீரில் விளையும் நெல்லுக்கு, செலவின்றி மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, நீர்ப்பாய்ச்சச் செலவிருந்தால் இருபதில் ஒன்று என்ற விதியில் எதைக் கொள்வது என்பதை உலமாக்கள் தீர்ப்பார்கள். குறைந்த வீதத்தைக் கொண்டாலும் 3,000 கிலோ விளைந்த வயலில் 150 கிலோ ஸகாத். பெரும்போக, சிறுபோக அறுவடைகளோடு ஆண்டில் இருமுறை வரும் வரவு இது. ரமழானில் கொடுபடும் பணம், நகை, வியாபாரச் சரக்கின் இரண்டரை வீதம் தனி. பல ஊர்களில் பைத்துஸ் ஸகாத் அமைப்புகள் ஏற்கெனவே இவற்றைச் சேர்த்து வீடு, தொழில் உதவியாகப் பங்கிடுகின்றன. புற்றுநோய்க்கு அவற்றில் நிலையான ஒரு பங்கை ஒதுக்குவது புதிய கட்டடம் எழுப்புவதல்ல, இருப்பதைத் திருப்பிவிடுவது.

ஸகாத்துக்கு எல்லை உண்டு. அது கடமையானதும் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், காரணமின்றிப் பல ஆண்டு தேக்கிவைப்பதை ஃபிக்ஹ் ஏற்பதில்லை. பெறுநர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதும் பெரும்பான்மைச் சட்டக் கருத்து. இந்த இரண்டு எல்லைகளுக்கும் அப்பால் நிற்கும் தேவைகளுக்கு வக்ஃப் என்ற அறச்சொத்தும் ஸதகா என்ற விருப்பக் கொடையும் இருக்கின்றன. மஹரகமையில் நோயாளர் தங்க ஓர் இல்லம், அடுத்த ஆண்டுக்கான கையிருப்பு ஆகியன வக்ஃப் வயலின் குத்தகையில் நடக்கலாம்; 1956ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டம் பதிவுக்கும் கணக்குக்கும் வழி வகுத்துள்ளது. பாண்டிருப்பு, காரைதீவு ஆகிய அயலூர்த் தமிழர் வீட்டு நோயாளிக்கு ஸதகா தடையின்றிப் போகலாம். ஒரே பேருந்தில் ஒரே மருத்துவமனைக்குப் போகும் இருவரில் ஒருவரை விட்டுவிடும் நிதியம் ஊர் நிதியமாக இருக்க முடியாது.

நாட்டிலும் அயலிலும் இதைவிடப் பெரிய முயற்சிகள் வென்றுள்ளன. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்த 'ட்ரெயில்' பயணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் திரட்டியது. 2016இல் கதீஜா பவுண்டேஷனின் 'ஃபைட் கேன்சர்' குழு, அபேக்ஷாவுக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க எல்லாச் சமூகத்தாரிடமும் கையேந்தியது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்த துயரிலிருந்து நன்கொடை திரட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். இவை மூன்றும் இயந்திரமும் கட்டடமும் தந்தன. அந்த இயந்திரம்வரை நோயாளியைக் கொண்டுசேர்க்கும் செலவு கண்ணுக்குத் தெரியாத செலவு; பெயர்ப்பலகை வைக்க இடமில்லாத கொடை. கரையோரத்துக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அதுவே.

ஊர் கொடுப்பதைக் காரணம் காட்டி அரசு விலகிக்கொள்ள இடமில்லை. மருந்துக் கையிருப்பும் கிழக்கிலேயே முழுமையான கதிர்வீச்சு வசதியும் வரிப்பணத்தின் பொறுப்பு. வீடு வீடாகச் சேர்க்கும் பணத்தால் அவற்றை ஈடுகட்ட முடியாது, ஈடுகட்டவும் கூடாது. சேர்த்த பணத்தின் கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் தொகையாக மட்டும் ஒட்டி, பெற்றவர் பெயரை மறைத்து, ஒரு வைத்தியரும் ஓர் ஆலிமும் ஒரு பெண் உறுப்பினரும் இருந்து மனுக்களைத் தீர்க்கும் நிதியத்தைக் கல்முனைக் கரையோரப் பள்ளிவாசல் சபைகள் கூட்டாக அமைக்க வேண்டும். முதல் செலவினமாக அது ஏற்க வேண்டியது நோயாளியும் துணைவரும் மஹரகமை சென்று தங்கித் திரும்பும் செலவை.