லாக்புக்கை நம்புவதா, தேர்வை நம்புவதா?

அமெரிக்காவில் பயிற்சி முடித்து, கையில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸோடு (சிபிஎல்) ஊர் திரும்புகிற இளைஞரால், இங்கே விடி என்று தொடங்கும் இந்தியப் பதிவெண் கொண்ட ஒரு சிறு செஸ்னா விமானத்தைக்கூட அதை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. ‘இருநூறு மணி நேரம் பறந்தவனுக்கு மறுபடியும் பரீட்சையா?’ என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டம் இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறது.

1944-இல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு, ஒரு நாடு குறைந்தபட்சத் தரத்துக்குக் குறையாமல் வழங்கிய உரிமத்தை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்கிறது. அந்த ஏற்பு, உரிமம் கொடுத்த நாட்டில் பதிவான விமானத்தில் எல்லை தாண்டிப் பறப்பவருக்குத்தான். அதற்கு முந்தைய பிரிவு இன்னும் கறாரானது: தன் குடிமக்களுக்கு வேறொரு நாடு கொடுத்த உரிமத்தை, தன் வான்பரப்பில் ஏற்க மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆகவே, எதை ஏற்பது, எதை மறுபடி சோதிப்பது என்பது அந்தந்த நாட்டின் முடிவு. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளான அமெரிக்காவின் எஃப்ஏஏவும் இந்தியாவின் டிஜிசிஏவும் இதில் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன.

அமெரிக்கா கேட்கும் முதல் கேள்வி, பறப்பது சொந்த விருப்பத்துக்கா, சம்பளத்துக்கா என்பது. சொந்த விருப்பத்துக்கு என்றால் வழி மிகச் சுலபம். அமெரிக்க விதி 61.75-இன்படி, வெளிநாட்டு உரிமத்தின் அடிப்படையிலேயே பிரைவேட் பைலட் சான்றிதழ் கிடைத்துவிடும். எழுத்துத் தேர்வு கிடையாது. பறந்து காட்டும் தேர்வும் கிடையாது. உரிமம் கொடுத்த நாட்டிடம் அது உண்மையானதுதானா என்று எஃப்ஏஏ கேட்டு உறுதி செய்துகொள்ளும். பிறகு ஒரு பயிற்சியாளரோடு ஃப்ளைட் ரிவ்யூ: குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பேச்சு, ஒரு மணி நேரம் பறத்தல். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் அதில் ஏற்ற வேண்டுமானால், அதற்கென உள்ள ஒரு எழுத்துத் தேர்வில் தேற வேண்டும்.

இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. அந்த அட்டையில் மூல உரிமத்தின் எண் அச்சாகியிருக்கும். ஊரில் உள்ள உரிமம் காலாவதியானால் இதுவும் செல்லாது. சுயமாக நிற்காத, கொழுகொம்பைப் பற்றிய கொடி போன்ற உரிமம் இது.

சம்பளத்துக்குப் பறக்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் முகம் மாறிவிடுகிறது. இந்திய சிபிஎல்லைக் காட்டி அமெரிக்க சிபிஎல் வாங்க முடியாது. பறந்த மணிகள் கணக்கில் சேரும். ஆனால் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, வானில் செய்து காட்டும் தேர்வு என்று உள்ளூர் மாணவர் கடக்கிற எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். அதாவது அனுபவத்தை நம்புகிறது. திறமையைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. வெளிநாட்டு சிபிஎல்லை டிஜிசிஏ முழுதாகத் தள்ளிவிடுவதில்லை, மாற்றித் தருகிறது. கிடைப்பது எதையும் சார்ந்திராத, முழுமையான இந்திய உரிமம். அதற்கு முன் ஏர் ரெகுலேஷன்ஸ் ஒரு தாள். நேவிகேஷனும் வானிலையும் சேர்ந்த காம்போசிட் இன்னொரு தாள். இரண்டிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். ரேடியோ டெலிபோனி சான்று, கிளாஸ் 1 மருத்துவச் சான்று, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்ததற்கான சான்று என்று பட்டியல் நீளும். அமெரிக்க சிபிஎல்லுக்குப் பள்ளிப் பாடம் எது என்ற கேள்வியே இல்லை.

தாள்களைக் குறை சொல்பவர்கள் வானிலைப் பாடத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மேற்கத்திய இடையூறு, வங்காளத்தின் கால்பைசாகி, நம் வடகிழக்குப் பருவமழை ஆகியவை ஃபுளோரிடா வகுப்பறையில் வராதவை. அங்கே உயரமானிக்கான அழுத்தம் பாதரச அங்குலத்தில், இங்கே ஹெக்டோபாஸ்கலில். அங்கே பார்வைத் தூரம் மைலில், இங்கே மீட்டரில். அங்கே உயரமானியின் அமைப்பை மாற்ற வேண்டிய உயரமான டிரான்சிஷன் ஆல்டிட்யூட் நாடு முழுக்க 18,000 அடி; இங்கே அது அதைவிட மிகவும் கீழே, இடத்துக்கு இடம் மாறும். இவை தெரியாமல் காக்பிட்டில் உட்காரக் கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. இந்த இடத்தில், சொந்த விருப்பத்துக்குப் பறப்பவரிடம் அமெரிக்கா காட்டும் தாராளத்தைவிட இந்தியாவின் கண்டிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

மணிக்கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. அமெரிக்காவில் பொதுவாக 250 மணி, அங்கீகரித்த பாடத்திட்டத்தில் 190, இந்தியாவில் 200. பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பேற்ற விமானியாக, 100 மணி என்பது இரண்டுக்கும் பொது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான 40 மணி கருவிப் பறத்தலும் அப்படியே.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. எண்ணும் முறையில் இருக்கிறது. பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் ஒரு வரியைப் பாருங்கள். இரண்டு நண்பர்கள் ஒரு செஸ்னா 172-இல் ஏறுகிறார்கள். ஒருவர் வெளியே தெரியாதபடி முகமறைப்பு அணிந்து கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிறார். மற்றவர் சேஃப்டி பைலட்டாக வெளியே கண் வைத்திருக்கிறார். பொறுப்பைச் சேஃப்டி பைலட் ஏற்பதாகப் பேசிக்கொண்டால், அமெரிக்க விதிப்படி இருவருமே அந்த நேரத்தைக் கமாண்ட் நேரமாக எழுதிக்கொள்ளலாம். ஒரு மணி நேரப் பெட்ரோலில் இரண்டு மணி நேரக் கணக்கு! பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதும், உரிமம் உள்ளவர் தானே ஓட்டினால், பயிற்சி பெற்ற நேரம் என்ற கட்டத்திலும் கமாண்ட் கட்டத்திலும் ஒரே மணியை எழுதலாம். இந்திய அதிகாரியின் மேசைக்கு இந்தப் புத்தகம் வந்ததும் அந்த மணிகள் கழிக்கப்படும். 100 மணி என்று நினைத்தது திடீரென்று குறையும்.

இந்திய அதிகாரிகளின் இந்தச் சந்தேகத்துக்குப் பின்னணி உண்டு. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டபோது, டிஜிசிஏ ஏற்கெனவே கொடுத்த உரிமங்களைத் தோண்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒருமுறை காகிதத்தால் ஏமாந்த அலுவலகம் காகிதத்தை அவ்வளவு எளிதில் நம்பாது.

ஆனால் எச்சரிக்கை ஒன்று, தாமதம் வேறொன்று. விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் 15 மணி கமாண்டாகப் பறந்திருக்க வேண்டும் என்கிறது இந்திய விதி. கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதே நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் தேர்வுத் தேதி, ரேடியோ சான்று, மருத்துவம், உரிமம் உண்மையானதுதான் என்ற வெளிநாட்டு அலுவலகத்தின் உறுதிக் கடிதம் எல்லாம் கைக்கு வந்தால்தான் விண்ணப்பம் முழுமையாகும். இவற்றில் ஒன்று இழுத்தாலும் ஆறு மாதம் ஓடிவிடும். அப்புறம் உள்ளூர்ப் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி அந்த மணிகளை மறுபடி பறக்க வேண்டும். பைலட்டின் பழக்கத்தை அளக்க வந்த விதி, தபாலின் வேகத்தை அளந்துகொண்டிருக்கிறது. ‘பேப்பர் முடிச்சுட்டுப் போ’ என்று, பயிற்சிக்கு வெளிநாடு கிளம்புபவரிடம் சீனியர்கள் சொல்வது இதனால்தான்.

இரு நாட்டு முறைகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்தியா தேர்வைக் குறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவே வணிக உரிமத்துக்கு எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்கிறது. இந்தியா மாற்ற வேண்டியவை இரண்டு. உறுதிக் கடிதத்துக்கு மனுச் செய்த நாளிலிருந்தே ஆறு மாதக் கணக்கை நிறுத்தி வைக்கலாம். எந்த வகை கமாண்ட் மணி ஏற்கப்படும், எது ஏற்கப்படாது என்பதை, மாணவர் விமானம் ஏறுவதற்கு முன்பே, எளிய எடுத்துக்காட்டுகளோடு சொல்லிவிடலாம். இரண்டுக்கும் பாதுகாப்பில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்க வேண்டாம். திரும்பி வருபவரின் பணமும் நேரமும் மிஞ்சும்.